மாமனார் வீட்டு வாசற்படி

எனக்குக் கோபம் வந்தால் வாய்தான் முதலில் ஓடும். புத்தி பின்னால் நொண்டிக்கொண்டு வந்து சேரும்போது காரியம் முடிந்திருக்கும். என் சூளையில் வேலை செய்தவர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். நான் கத்தத் தொடங்கினால் ஆளுக்கொரு பக்கம் நழுவிவிடுவார்கள். அரை மணி நேரம் கழித்து நானே போய்க் கூப்பிட்டு வரவேண்டும். வீட்டில் இருந்தவளுக்கு அப்படி நழுவ இடமில்லை. அடுப்படியில் நின்றபடி என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இரண்டாம் யுத்தத்துக்குச் சில வருஷங்களுக்கு முந்தி, மதுரைக்கு மேற்கே காளவாசலில் எனக்கு ஒரு செங்கல் சூளை இருந்தது. அப்போது அங்கே கடையும் கிடையாது, கூட்டமும் கிடையாது. புகையும் கருவேலமும் மண் வெட்டிய பள்ளங்களும்தான். என் மாமனார் கொத்தனார். ஆற்றுக்கு வடகரையில் விளாங்குடியில், தம் கையாலேயே கட்டிய வீட்டில் இருந்தார். மாமியார் காலமாகி வெகுநாள் ஆகிவிட்டது. மகனும் மருமகளும் அவரோடு இருந்தார்கள். மதுரையில் தம் கை படாத சுவரே இல்லை என்று பெருமையடித்துக்கொள்வார். முழுப் பொய்யும் இல்லை.

சண்டை செங்கல்லில்தான் தொடங்கியது. தல்லாகுளத்தில் ஒரு பெரிய மனிதர் வீட்டு வேலையை மாமனார் எடுத்திருந்தார். மருமகன் என்ற உரிமையில் நான் இரண்டு வண்டிக் கல் அனுப்பினேன். அந்தத் தடவை சூளை மழையில் நனைந்து கல் சரியாக வேகவில்லை என்பது எனக்கே தெரியும். உறவுதானே, கண்டுகொள்ள மாட்டார் என்று நினைத்தேன். அவரோ இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். வெந்த கல் கணீரென்று சத்தம் கொடுக்கும். என் கல் 'பொத்' என்றது.

"இது செங்கல்லா, கருப்பட்டியா? மழ பேஞ்சா வீட்டக் கரச்சுக் குடிச்சிரலாம். திருப்பி ஓட்டிக்கிட்டுப் போங்க மாப்ள" என்றார். கொத்தனார்கள், சித்தாட்கள், வீட்டுக்காரர் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு வரக்கூடிய பேச்சுதான். இன்றைக்கு நினைத்தால் எனக்கே வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

மூன்றாம் நாள், நோன்புப் பெருநாளுக்குத் தங்கையை அழைத்துப்போக என் மச்சான் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அவள் புடவைகளை மூட்டை கட்டி வைத்திருந்தாள். போகக்கூடாது என்றேன் நான்.

"அத்தா வாய் அப்பிடித்தான். மனசுல வச்சுக்கிராதீங்க மாப்ள. வருஷத்துல ஒரு பெருநாளு" என்றார் மச்சான். அவர் தணிவாகப் பேசப் பேச எனக்கு ஏறிக்கொண்டே போனது. அப்போது பார்த்து அவள் ஒரு வார்த்தை சொன்னாள்: "கல்லு வேகலைன்னு நீங்களேதான சொன்னீக?"

"நீ உங்க அத்தா வீட்டு வாசப்படிய மிதிச்சா, அன்னைக்கே ஒனக்கு முத்தலாக்கு!" என்று கத்தினேன்.

எங்கள் மார்க்கச் சட்டம் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இது வெறும் மிரட்டல் இல்லை. நிபந்தனை வைத்துச் சொன்ன தலாக், அந்த நிபந்தனை நடக்கிற நிமிஷத்தில் தானாக விழும். சொன்னவன் மனம் மாறினாலும், மன்னிப்புக் கேட்டாலும், வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாது. மூன்று தலாக்கும் சேர்ந்து விழுந்துவிட்டால், அவள் இன்னொருவனை மணந்து, அவனோடு வாழ்ந்து, அதுவும் முறிந்தாலொழிய என்னிடம் திரும்பி வர வழியில்லை. கதவைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டவன் கதைதான் என் கதை. மச்சான் வண்டியைத் திருப்பினார். மூட்டையை அவளே அவிழ்த்துப் புடவைகளைப் பெட்டியில் அடுக்கினாள்.

அன்று சாயங்கால அஸர் தொழுகைக்குள் எனக்குப் புத்தி வந்துவிட்டது. ஆனால் வெட்கமும் கூடவே வந்தது. வெட்கத்தை மறைத்துக்கொள்ள ஒரு போர்வை கிடைத்தது எனக்கு. சிறு வயதில் ஓதும்போது ஈமான் என்கிற நம்பிக்கையின் ஆறு காரியங்களை மனப்பாடம் செய்திருந்தோம். ஆறாவது, நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் ஏற்பாட்டின்படியே நடக்கும் என்ற கத்ரு. மற்ற ஐந்தையும் எவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றினேன் என்று கேட்காதீர்கள். ஆறாவதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். யார் கேட்டாலும், "எழுத்து அப்படி இருக்கு, நான் என்ன செய்ய?" என்றேன்.

சூளைக்கு மண் எடுக்கும் நிலத்தின் சொந்தக்காரர் ஒரு இந்துச் சம்சாரி, விவசாயம் செய்கிறவர், நக்கல்காரர்; என்னை மாமன் மாப்பிள்ளை முறை சொல்லித்தான் கூப்பிடுவார். "கல்லு வேகாட்டி மழையோட தப்பு, வாய் வெந்து போனா ஆண்டவனோட தப்பு. உமக்கு வசதிதான் மாப்ள! நாங்களும் தலையெழுத்துன்னு சொல்லத்தான் செய்றோம். ஆனா அம்புட்டையும் அவன் தலையில கொண்டுபோய் வைக்கிறதில்ல" என்றார். அவரோடு நான்கு நாள் பேசவில்லை.

மாமனார் என் வீட்டுப் படி ஏற மறுத்துவிட்டார். "எம்மக வரமுடியாம நிக்கையில, நான் அங்கிட்டுப் போயி அவர் கையால தண்ணி வாங்கிக் குடிக்கவா?" என்று கேட்டாராம். அதிலும் நியாயம் இருந்தது. அவர் வேறு வீட்டுக்கு மாறியிருக்கலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். எங்கே குடிபோனாலும் அதுவும் 'அத்தா வீடு'தானே? என் கோபம் அவ்வளவு கெட்டியாகப் பேசியிருந்தது.

அதனால் அவள் மாதத்துக்கு ஒரு தடவை வண்டியில் ஆற்று மணலைக் கடந்து விளாங்குடிக்குப் போய், வீட்டை ஒட்டிய சந்தில் நிற்பாள். மாமனார் ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து பேசுவார். அவளுடைய மதினி வாசலுக்கு வந்து சோற்றுத் தட்டை வெளியே நீட்டுவாள். பிறந்து வளர்ந்த வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து, தெருவில் நின்றுகொண்டு என் மனைவி சாப்பிடுவாள். வழியில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருமுறை நானும் அவளோடு போயிருந்தேன். வண்டிமாட்டைத் தடவிக்கொடுக்கிற சாக்கில் அந்தப் பக்கமே பார்க்காமல் நின்றேன்.

பதினைந்து மாதம் இப்படியே போனது. பிறகு மாமனாருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. திருப்பிப் படுக்கவைக்க இரண்டு ஆள் வேண்டியிருந்ததால் கட்டிலை உள்ளறைக்கு மாற்றிவிட்டார்கள். அந்தத் தடவை நானும் வண்டியில் போயிருந்தேன்; அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அத்தா, அத்தா" என்று கூப்பிட, உள்ளேயிருந்து ஒரு முனகல் மட்டும் வந்தது. என்ன சொன்னார் என்று புரியவில்லை. திரும்பும்போது அவள் அழவில்லை, என்னை ஒரு வார்த்தை திட்டவுமில்லை. என்னை எனக்கே பிடிக்காமல் போன நாள் அது.

மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுததும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனேன். அவர் தொழுகைக்குக் கைகால் கழுவுகிற ஹவுளின் ஓரத்தில் உட்கார்ந்து மிஸ்வாக் குச்சியால் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லிவிட்டு, வழக்கம்போல, "எல்லாம் எழுத்துங்க ஹஜ்ரத்" என்று முடித்தேன். குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"ஒன் சூளைல காயப்போட்ட பச்சக்கல்ல ஒருத்தன் மிதிச்சு ஒடச்சா என்ன செய்வ?"

"வெரட்டிருவேன்."

"'எழுத்து மொதலாளி, நான் என்ன செய்ய'ன்னு அவன் சொன்னா?"

நான் ஹவுள் தண்ணீரில் கையை விட்டு அளைந்தேன்.

"அவனுக்கு ஒரு சட்டம், ஒனக்கு ஒரு சட்டமா? நடக்கப்போறது அல்லாவுக்குத் தெரியும். அது நம்ம ஈமான். அவனுக்குத் தெரியும்கிறதுனால ஒன் நாக்கப் புடிச்சு இழுத்தான்னு ஆயிருமா? ஒன் வாய வேற யாரும் தொறக்கல. நீதான் தொறந்த. பதினஞ்சு மாசமா ஏன் இங்கிட்டு வரல?"

"வழியில்லன்னு நெனச்சேன்."

"கேக்காதவனுக்கு வழி எங்கிட்டிருந்து வரும்?" என்றார். அவர் திட்டியது சுட்டது. ஆனால் அதற்குப் பிறகு சொன்னதைக் கேட்டு அவர் கையைப் பிடித்து முத்தமிட்டேன்.

வழி இருந்தது. நான் இப்போது அவளுக்கு ஒரே ஒரு தலாக் சொல்ல வேண்டும். மூன்று மாதவிடாய் முடியும் வரை அவள் இத்தா என்ற காத்திருப்பில் இருக்க வேண்டும். அது முடிந்ததும் அவள் என் மனைவி இல்லை. அந்த நிலையில் அப்பன் வீட்டுக்குள் போனால், என் பழைய வார்த்தை விழ இடமில்லாமல் செத்துப்போகும். பிறகு அவள் சம்மதித்தால் புது நிக்காஹ் செய்துகொள்ளலாம். ஆனால் இத்தா முடிவதற்குள் படியை மிதித்தால் எல்லாம் போயிற்று. இத்தாவில் இருப்பவள் வீட்டை விட்டு வெளியே போகவும் கூடாது. ஆகவே, அந்த ஜன்னலும் அவளுக்கு இல்லை.

ஹஜ்ரத் என் வீட்டுக்கு வந்து, திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, எல்லாவற்றையும் அவளிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவளைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

"அதுக்குள்ள அத்தா மௌத்தாயிட்டா?" என்று திரைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டாள்.

"அவரு ஆயுசு எழுதியாச்சும்மா. எம்புட்டுன்னு எனக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாது. தெரியாதத வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. தெரிஞ்சத வச்சு நீ ஒரு முடிவு சொல்லு."

அவள் வளையல் நகர்கிற ஒலி மட்டும் கேட்டது. "சரி, இருக்கேன்" என்றாள் கடைசியில். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். எட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளைப் பார்த்துத் திரை வழியாக அந்த வார்த்தையைச் சொல்ல நாக்கு எழவில்லை. கத்துவதற்கு மட்டும் எப்படி எழுந்ததோ.

அந்த மூன்று மாதம் நாங்கள் இருவரும் ஒரே கூரைக்குக் கீழ் கைதிகளாக இருந்தோம். நான் ஆசையோடு அவள் விரலைத் தொட்டாலே அந்த ஒற்றைத் தலாக்கைத் திரும்பப் பெற்றதாக ஆகிவிடும். கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவள் நகர்ந்த பிறகுதான் எடுப்பேன். முற்றத்துக்கு அந்தக் கோடியில் அவள், இந்தக் கோடியில் நான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நடுவில் ஓட ஒரு கோழிதான் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அப்போதுதான் நாங்கள் பேசத் தொடங்கினோம். கல் எப்படி அறுக்கிறார்கள் என்று அவள் கேட்டாள். சிறு வயதில் அத்தா கட்டிய சாரத்தில் ஏறி அடிவாங்கியதைச் சொன்னாள். எட்டு வருஷத்தில் அவள் சிரித்து நான் அவ்வளவு கேட்டதில்லை. எனக்கு அவள்மேல் ஆசை வந்தது. கல்யாணமான புதிதில்கூட அப்படி வந்ததில்லை.

ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்: "அன்னைக்கு நீங்க சொன்னீகளே, அதச் சொல்லாம இருந்திருக்க முடியுமா?"

எழுத்து என்று சொல்ல வாய் எடுத்தேன். ஹஜ்ரத்தின் மிஸ்வாக் குச்சி நினைவுக்கு வந்தது. "முடிஞ்சிருக்கும்" என்றேன்.

"இதச் சொல்ல ஒங்களுக்கு இம்புட்டு நாளாச்சு" என்றாள். அரிசியில் கிடந்த கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "அந்தச் சந்துல நிக்கைல ஒவ்வொரு தடவையும், ஒரு எட்டு வச்சா போதும், உள்ள போயிரலாம்னு தோணும். நான்தான் வைக்கல" என்றாள்.

"ஏன்?"

"ஒங்கள விட்டுப்போக மனசில்ல" என்று சொல்லிவிட்டு முறத்தைத் தட்டினாள். நான் பூட்டி வைத்ததால்தான் அவள் என் வீட்டில் இருக்கிறாள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து சூளைக்குப் போய்விட்டேன். அங்கேயே உட்கார்ந்திருந்தால் கையை நீட்டியிருப்பேன்.

மூன்றாவது மாதவிடாய் வர இன்னும் சில நாள், அது முடிய மேலும் சில நாள். அவள் கணக்குப்படி எட்டு நாள் இருக்கும்போது, காலையில் மச்சான் வண்டியை விரட்டிக்கொண்டு வந்தார். அத்தாவுக்கு மூச்சு இழுக்கிறது, விடிந்ததிலிருந்து அவளைத்தான் கேட்கிறார் என்றார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டு அப்படியே வண்டியில் ஏறினாள். போகக்கூடாது என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. சந்து வரைக்கும்தானே, ஜன்னல் வரைக்கும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பின்னால் ஏறினேன். ஆற்று மணலில் சக்கரம் புதைந்தபோது மச்சானும் நானும் இறங்கித் தள்ளினோம்.

வீட்டுக்குள், சாகக்கிடப்பவர் பக்கத்தில் ஓதுகிற யாசீன் சத்தம் தெருவுக்குக் கேட்டது. ஹஜ்ரத்தையும் முன்னமே அழைத்து வந்திருந்தார்கள், அவரும் உள்ளே இருந்தார். அவள் ஜன்னலுக்குப் போகவில்லை, நேரே வாசலுக்குப் போனாள். உள்ளறையிலிருந்து அந்தக் கிழவரின் குரல், குழறிக் குழறி, அவளைத்தான் கூப்பிட்டது. இந்தத் தடவை எனக்கும் புரிந்தது.

"எட்டு நாளுதான். ஜன்னல்கிட்ட நின்னு பேசு. எட்டே நாளு பொறுத்துக்க" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "அந்த எட்டு நாளு ஒங்க கையிலயா இருக்கு?" என்றாள்.

ஹஜ்ரத் வாசல் பக்கம் வந்து நின்றார். அவளைத் தடுக்கவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. அவள் பிஸ்மி சொல்லி வலது காலை எடுத்துப் படியில் வைத்தாள். எந்த வீட்டுக்குள் போனாலும் அப்படித்தான் போவாள். பிறகு ஓடினாள். "அத்தா!" என்ற சத்தமும், அவர் அழுகிற சத்தமும் கேட்டது. அந்தப் படியை மிதிக்க எனக்கு எந்தத் தடையும் கிடையாது. ஆனாலும் நான் தெருவிலேயே நின்றேன்.

மாமனார் அன்று சாகவில்லை. மகள் மடியில் தலைவைத்து இரண்டு வாய்க் கஞ்சி குடித்தாராம். எட்டு நாள் கழிந்தது. இருபது நாள் கழிந்தது. சாய்ந்து உட்காரவும் பேசவும் தொடங்கிவிட்டார். இரண்டு மாதத்துக்குமேல் இருந்துவிட்டுத்தான் மௌத்தானார். எட்டு நாள் பொறுத்திருந்தால் அவளுக்கு அப்பனும் கிடைத்திருப்பார், புருஷனும் கிடைத்திருப்பான் என்று ஊரே பேசியது. நானும் அதையேதான் நாளைக்கு நூறு தடவை நினைத்தேன். விரலைவிட்டு எண்ணுவேன், எட்டு வரும், மறுபடியும் எண்ணுவேன்.

ஜனாஸாத் தொழுகைக்குப் போயிருந்தேன். அடக்கிவிட்டுத் திரும்பும் வழியில் மச்சானிடம், அவளுக்கு வருத்தம் உண்டா என்று கேட்டு வரச் சொன்னேன். வெட்கங்கெட்ட கேள்விதான். ஒரு வாரம் கழித்துச் சூளைக்கு வந்தார். 'மாப்ள' என்று தொடங்கி, அந்த உறவு இப்போது இல்லை என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

"கேட்டேன். 'எட்டு நாளு இருந்துச்சுன்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு யாருக்குத் தெரியும்? அத்தா கூப்பிட்டாரு, நான் போனேன். திரும்ப அந்த நாளே வந்தாலும் போவேன்'னு சொன்னா."

"என்மேல கோவமா இருக்காளா?"

"இல்லன்னா. ஒங்களுக்கு வயித்துக்கு ஒத்துக்காதாம், ராத்திரில மொச்சக்கொட்ட திங்க வேணாம்னு சொல்லச் சொன்னா."

அன்று சூளை பற்றவைக்கிற நாள். அடுக்கி முடித்துவிட்டு, நெருப்பு வைக்க ஆட்கள் என் உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள். அவள் திட்டி அனுப்பியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி எப்படியோ பிழைத்திருப்பேன். அத்தனை பேர் முன்னாலும் பச்சைக்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன்.